எந்த மாடி? – மூன்றாவது எண்ணும் மூன்றில் ஒரு பங்கும்

தில்லி மயூர் விகாரில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. மருந்தோ சாப்பாடோ கொண்டுவருகிற பையன் கட்டடத்தின் வாசல் வரை பிசகாமல் வந்துவிடுவான். கைப்பேசி வரைபடம் அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிடும். அதற்குப் பிறகு தவறாமல் ஓர் அழைப்பு வரும். “எந்த மாடி?”

வரைபடம் அவனுக்குச் சொன்னது இரண்டே எண்கள். வடக்கே 28.6 பாகை, கிழக்கே 77.3 பாகை, புள்ளிக்குப் பின்னால் இன்னும் சில இலக்கங்கள். தரைத்தளத்து வங்காளித் தம்பதிக்கும், முதல் மாடிப் பஞ்சாபிக் குடும்பத்துக்கும், எங்களுக்கும் அந்த இரண்டு எண்களும் ஒன்றுதான். வரைபடத்தின் கண்ணுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே புள்ளியில் குடியிருக்கிறோம். எங்களைப் பிரித்துக் காட்ட மூன்றாவது எண் ஒன்று வேண்டும். பையன் கேட்பது அதைத்தான்.

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ஆங்கிலத்தில் படிப்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் தமிழில் கேட்பாள். சொல்லிக்கொடுக்கும்போதுதான் எனக்கு எதெல்லாம் தெரியாது என்பது எனக்கே தெரியவரும். போன மாதம் அவள் கேட்டது இது: “கூம்பின் கன அளவுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வருகிறதே, அந்த மூன்று எங்கிருந்து வந்தது மாமா? இரண்டில் ஒன்றாக இருக்கக் கூடாதா?”

அந்த மூன்றும் பையன் கேட்ட மூன்றாவது எண்ணும் உறவுக்காரர்கள் என்று அவளுக்குக் காட்ட எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் கொஞ்சம் பனீரும் தேவைப்பட்டன.

புள்ளிக்கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இரண்டு எண்கள் புதிதல்ல. மூன்றாவது வரிசையில் ஐந்தாவது புள்ளி என்றால் கை தானாக அங்கே போகும். தரை ஒரு தளம். தளத்தில் ஓர் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் போதும். தரையை விட்டு எழும்பியதும் போதாமல் போகிறது.

உங்கள் வீட்டில் ஏதாவது ஓர் அறையின் மூலையில் போய் உட்காருங்கள். இரண்டு சுவர்களும் தரையும் சந்திக்கிற அந்தப் புள்ளியிலிருந்து மூன்று விளிம்புகள் புறப்படுகின்றன. ஒன்று தரையோரமாகக் கிழக்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று தரையோரமாகவே வடக்கே. மூன்றாவது, இரண்டு சுவர்களும் சேருகிற கோடாக நேரே மேலே. ஒவ்வொன்றும் மற்ற இரண்டுக்கும் செங்குத்து. இவைதான் மூன்று அச்சுகள். பள்ளிப் புத்தகம் எக்ஸ், ஒய், இசட் என்று பெயர் வைத்திருக்கிறது. தொடக்கத்தில் கிழக்கு, வடக்கு, மேல் என்றே சொல்லிப் பழகுவது நல்லது. மூன்றும் புறப்படுகிற மூலைக்கு ஆதிப்புள்ளி என்று பெயர்.

இப்போது மின்விசிறி தொங்குகிற கொக்கியைப் பாருங்கள். மூலையிலிருந்து கிழக்கே 5 அடி நடந்து, அங்கிருந்து வடக்கே 6 அடி நடந்து, நேர் மேலே 10 அடி ஏறினால் கொக்கி. ஆகவே அதன் ஆயத்தொலைவுகள் (5, 6, 10). வரிசையை மாற்றக் கூடாது. (6, 5, 10) என்றால் விட்டத்தில் வேறு இடம், அங்கே கொக்கி இல்லை.

தரையில் கிடக்கிற எல்லாவற்றுக்கும் மூன்றாவது எண் சுழியம். சுவரில் மாட்டிய நாட்காட்டிக்கு முதல் இரண்டில் ஏதாவது ஒன்று சுழியம். விளிம்பில் ஊர்கிற எறும்புக்கு இரண்டு சுழியம். எறும்பு மூலைக்கே வந்துவிட்டால் மூன்றும் சுழியம். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; மூலையில் உட்கார்ந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும்.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன? அங்கே அடுத்த வீடு. மேற்கே 2 அடி என்பதைக் கிழக்கே −2 என்று எழுதிக்கொள்கிறோம். எங்கள் தரைக்குக் கீழே இரண்டாவது மாடிக்காரரின் விட்டம். அதற்கு மூன்றாவது எண் எதிர்மறை. கிழக்கா மேற்கா, வடக்கா தெற்கா, மேலா கீழா என்று மூன்று முறை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் 2 × 2 × 2, ஆதிப்புள்ளியைச் சுற்றி எட்டு அறைகள். மேலே நான்கு, கீழே நான்கு. நாம் உட்கார்ந்திருப்பது அவற்றில் ஒன்றில். இந்த எட்டை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

ஆதிப்புள்ளி எங்கே என்பது நம் விருப்பம். எனக்கு என் வீட்டுத் தரை சுழியம். லிஃப்டுக்குத் தெருமட்டம் சுழியம், வண்டி நிறுத்துகிற கீழ்த்தளம் −1. நில அளவைக்காரருக்குக் கடல்மட்டம் சுழியம். அவர் கணக்கில் தில்லித் தெருவே 200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. கொக்கி இருந்த இடத்திலேயே இருக்கும், எண்கள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். எங்கிருந்து அளந்தோம் என்று சொல்லாமல் ஆயத்தொலைவைச் சொல்வது, எந்த ஊர் என்று சொல்லாமல் மேலத்தெருவில் பத்தாம் எண் வீடு என்பதுபோல.

இந்த முறையை நூலாக்கி 1637இல் வெளியிட்டவர் பிரான்சைச் சேர்ந்த ரெனே தெக்கார்த். படுக்கையில் கிடந்தபடி விட்டத்தில் ஊர்ந்த ஈயைப் பார்த்தபோது அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். கதைதான், சான்று ஒன்றும் கிடையாது. ஆனால் ஈ உட்கார்ந்தது விட்டத்தில்தான் என்றால் அவருக்கு இரண்டு எண்களே போதுமாக இருந்திருக்கும். பறக்கும்போதுதான் மூன்று வேண்டும்.

சென்ற தீபாவளிக்கு முன் திரைச்சீலை மாட்டக் கம்பி வாங்கப் போனேன். கடைக்காரர் 8 அடி நீளத்துக்குக் குறைந்து கிடையாது என்றார். வாங்கிவந்து லிஃப்டின் முன் நின்றபோது காவலாளி தலையை ஆட்டினார். “உள்ளே போகாது, படியில் தூக்கிக்கொண்டு போங்கள்.” லிஃப்டின் உள் உயரம் 7 அடி; கம்பியை நேராக நிறுத்த முடியாது. தரை 3 அடிக்கு 4 அடி; படுக்கவைக்கவும் முடியாது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆனால் தரையில் குறுக்காக, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு எவ்வளவு? பக்கங்கள் 3, 4 உள்ள செங்கோண முக்கோணத்தின் கர்ணம். 9 + 16 = 25, வர்க்கமூலம் 5. ஆக 5 அடி. இப்போது அந்த 5 அடிக் கோட்டைத் தரையாகவும் லிஃப்டின் 7 அடியைச் சுவராகவும் கொண்ட இன்னொரு செங்கோண முக்கோணத்தை மனதில் நிறுத்துங்கள். அதன் கர்ணம், முன்பக்கத் தரைமூலையிலிருந்து எதிரே பின்பக்கக் கூரைமூலைக்குப் போகிற கோடு. 25 + 49 = 74, வர்க்கமூலம் ஏறத்தாழ 8.6. கம்பியின் தலையைப் பின்மூலையின் மேல்கோடிக்குக் கொடுத்து, காலை முன்மூலையில் ஊன்றியதும் கதவு மூடிக்கொண்டது. காவலாளிக்கு இன்றுவரை அது பிடிக்கவில்லை.

பித்தாகரஸ் தேற்றத்தை இரண்டு முறை பயன்படுத்தியதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. இரண்டையும் சேர்த்து எழுதினால் 3² + 4² + 7² = 74. வெளியில், அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள இடத்தில், இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு வேண்டுமென்றால் கிழக்கில் எவ்வளவு வேறுபாடு, வடக்கில் எவ்வளவு, உயரத்தில் எவ்வளவு என்று பார்த்து, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பள்ளியில் இது நீளமான சூத்திரமாக வந்து பயமுறுத்துகிறது. எனக்கு அது கம்பிக் கணக்கு.

மூன்றாவது எண்ணை மறந்தால் வருகிற இன்னொரு குழப்பத்தை மெட்ரோ வரைபடத்தில் பார்க்கலாம். கஷ்மீரி கேட் நிலையத்தில் சிவப்புத் தடமும் மஞ்சள் தடமும் குறுக்கிடுவதாக வரைந்திருக்கும். ஆனால் சிவப்பு ரயில் தரைக்கு மேலே தூண்களின் மீது போகிறது; மஞ்சள் ரயில் நிலத்துக்குக் கீழே. இரண்டு தடங்களும் சந்திப்பதே இல்லை. இணையாகவும் போகவில்லை. தளத்தில் இப்படிப்பட்ட இரண்டு நேர்க்கோடுகளை வரையவே முடியாது: நீட்டிக்கொண்டே போனால் ஒன்று சந்திக்க வேண்டும், இல்லையென்றால் இணையாக இருக்க வேண்டும். வெளியில் மட்டும் மூன்றாவது வகை உண்டு. ஒரு தளம் அமையாக் கோடுகள் என்று பாடநூல் சொல்வது இவற்றைத்தான். நடுவில் ஏறி இறங்கி மூச்சு வாங்குகிற பயணிக்கு விளக்கம் தேவைப்படாது.

முதல் ஞாயிறு அவளை ஜந்தர் மந்தருக்கு அழைத்துப்போனேன். கன்னாட் பிளேசிலிருந்து நடக்கிற தூரம். ஜெய்ப்பூரை நிறுவிய சவாய் இரண்டாம் ஜெய்சிங் 1724இல் கட்டிய வானாய்வுக்கூடம். காவிச் சிவப்பில் பெரிய பெரிய கட்டுமானங்கள். பலர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கன உருவங்களைப் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை என்பது என் கட்சி. அங்குள்ள பெரிய சூரியக் கடிகாரமான சம்ராட் யந்திரத்தின் நடுச்சுவர் பக்கவாட்டில் செங்கோண முக்கோணம். தடிமன் உண்டு, ஆகவே முக்கோணப் பட்டகம். அதன் சாய்ந்த விளிம்பு தரையோடு ஆக்குகிற கோணம் தில்லியின் அட்சரேகையேதான், 28.6 பாகைக்கு மிக அருகில். அதனால் அந்த விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. சாப்பாட்டுப் பையனின் முதல் எண் அங்கே கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது.

நாங்கள் அதிக நேரம் நின்றது ராம யந்திரத்தில். மேலே கூரை இல்லாத வட்டமான கட்டடம், உருளை வடிவம், நட்டநடுவில் ஒரு தூண். தூணின் உயரம், சுற்றுச்சுவரின் உயரம், உள்வட்டத்தின் ஆரம் மூன்றும் சமம். இந்தச் சமத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. சூரியன் தொடுவானத்திலிருந்து சரியாக 45 பாகை ஏறியிருக்கும்போது தூணின் நிழல் தூணின் உயரத்துக்குச் சமம். எனவே நிழலின் நுனி சுவரின் அடியைத் தொடும். சூரியன் அதற்கு மேலே ஏறினால் நுனி தரைக்குள் சுருங்கும். கீழே இறங்கினால் சுவரில் ஏறும். டிசம்பர் பிற்பகுதியில் நண்பகலில்கூடத் தில்லிச் சூரியன் 38 பாகைதான் ஏறுகிறது, நிழல்நுனி சுவரில் நிற்கும். ஜூன் பிற்பகுதியில் 85 பாகை. நுனி தூணின் காலடியிலேயே சுருண்டுகொள்ளும். தரையிலும் சுவரிலும் கோடு கீறியிருக்கிறார்கள், நுனி விழுகிற இடத்தைப் பார்த்துச் சூரியனின் உயரக்கோணத்தையும் திசையையும் நேரடியாகப் படிக்கலாம். படிக்கிறவர் உள்ளே நின்று பார்க்கத் தரையைத் துண்டு துண்டாக விட்டு இடைவெளி வைத்திருக்கிறார்கள். இங்கே இடைவெளி விழுந்த இடத்தைப் பக்கத்தில் இருக்கிற ஜோடிக் கட்டடம் நிரப்பிக்கொள்கிறது. (இப்போது சுற்றிலும் எழும்பிய உயரமான கட்டடங்கள் வெயிலை மறைக்கின்றன. ஜெய்சிங் கணக்கில் எடுக்காதது அது ஒன்றுதான்.)

“இங்கே இரண்டு எண்கள்தானே இருக்கின்றன, திசையும் கோணமும்?” என்று அவள் கேட்டாள். சரியான கேள்வி. சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை யந்திரம் கேட்கவில்லை. அதையும் கேட்டால் மூன்று ஆகிவிடும். கிழக்கு, வடக்கு, மேல் என்று சொல்லாமல் திசை, ஏற்றம், தூரம் என்று சொன்னாலும் மூன்றுதான். எப்படிச் சுற்றி வந்தாலும் வெளிக்கு மூன்று எண்கள்.

இனி கன உருவங்கள். முதலில் ஓர் எச்சரிக்கை. புத்தகத்தில் கனச்சதுரம் வரைந்திருக்கும்: முன்னால் ஒரு சதுரம், மேலேயும் பக்கத்திலும் சாய்ந்த நாற்கரங்கள். நிஜக் கனச்சதுரத்தில் சாய்ந்த முகமே கிடையாது, ஆறும் சதுரம். தாளில் மூன்றாவது திசைக்கு இடம் இல்லாததால் அதைச் சாய்த்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்து மட்டும் படிக்கிற பிள்ளைகள் இங்கேதான் வழுக்குகிறார்கள். பொருளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: தீப்பெட்டி, டப்பா, தம்ளர், எலுமிச்சம்பழம்.

புறப்பரப்பை விரைவாகக் கடந்துவிடலாம். உருவத்துக்கு வெள்ளையடிக்க எவ்வளவு சுண்ணாம்பு என்பதுதான் அது. அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தால் ஆறு செவ்வகங்கள், கூட்டிக்கொள்ளுங்கள். டப்பாவில் ஒட்டிய தாளை உரித்தால் செவ்வகம்: ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் வட்டத்தின் சுற்றளவு.

கன அளவு இன்னும் சுவையானது. சப்பாத்திகளை அடுக்கினால் உருளை. ஒரு சப்பாத்தியின் பரப்பை அடுக்கின் உயரத்தால் பெருக்கினால் கன அளவு. அடிமுதல் நுனிவரை ஒரே தடிமனாக நிற்கிற எந்த உருவத்துக்கும், பெட்டியோ உருளையோ பட்டகமோ, இதே கணக்கு: அடிப்பரப்பு × உயரம். அடுக்கை ஒரு பக்கமாகச் சரித்துவிட்டால்? சப்பாத்தி குறையவில்லை, உயரமும் மாறவில்லை. கன அளவும் மாறாது. ஒரே மட்டத்தில் வெட்டிப்பார்த்தால் ஒவ்வொரு மட்டத்திலும் சம பரப்பு வருகிற இரண்டு உருவங்களுக்குக் கன அளவும் சமம். பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியர் கவாலியேரியின் பெயரால் அழைக்கப்படுகிற இந்தக் கருத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்தே வரும்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். விட்டம் 1 மீட்டர், உயரம் 1.27 மீட்டர். வட்டத்தின் பரப்புக்குப் பழைய தமிழ்க் கணக்கு ஒரு வழி வைத்திருக்கிறது: அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கு. சுற்றளவு 3.14, அதில் பாதி 1.57, அரை விட்டம் 0.5, பரப்பு 0.785 சதுர மீட்டர். பள்ளியில் பை × ஆரம் × ஆரம் என்று சொல்வது இதையேதான். உயரத்தால் பெருக்கினால் 0.997, ஏறத்தாழ ஒரு கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். தண்ணீர் லாரி வராத நாளில் இந்தக் கணக்கு மனத்துக்குள் தானாக ஓடும்.

கூம்பும் பிரமிடும் மேலே போகப் போக மெலிகின்றன. அடிப்பரப்பு × உயரம் என்றால் அதிகம். எவ்வளவு அதிகம்? அவள் கேள்விக்கு வந்துவிட்டோம்.

இரண்டாவது ஞாயிறு. பக்கம் 6 செ.மீ. இருக்கும்படி பனீரைக் கனச்சதுரமாக நறுக்கிக்கொண்டோம். கன அளவு 216 கன செ.மீ. தட்டில் வைத்து, அடியில் ஒரு மூலையை ஆதிப்புள்ளி என்று குறித்தோம்; மிளகு ஒன்றை அழுத்திவைத்தாள். மிளகுக்கு நேர் மேலே உள்ள மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, மேல்முகத்தில் குறுக்காகக் கத்தியை வைத்து நேரே கீழே இறக்கினாள். இரண்டு முக்கோணப் பட்டகங்கள். ஒன்றை எடுத்து, மிளகு மூலையிலிருந்து எதிர்முகத்தின் மேல்விளிம்பு வரை சாய்வாக வெட்டினாள். பெரிய துண்டு ஒன்று, சின்னத் துண்டு ஒன்று. இன்னொரு பாதியையும் அதேபோல வெட்டினாள். ஆக நான்கு துண்டுகள். சின்னவை இரண்டையும் வெட்டிய முகத்தோடு முகம் சேர்த்து வைத்தால் பெரிய துண்டைப் போலவே மூன்றாவது ஒன்று வந்துவிட்டது. மூன்றும் சதுர அடிப்பகுதியும் ஒரு கூர்முனையும் உள்ள பிரமிடுகள். ஒவ்வொன்றின் அடியும் 6-க்கு 6, உயரமும் 6. சமையலறைத் தராசில் மூன்றும் ஏறத்தாழ ஒரே எடை காட்டின. (துண்டுகள் குழையாமல் இருக்கக் குளிர்ந்த பனீர் நல்லது. நாங்கள் முதலில் எடுத்தது நொறுங்கிவிட்டது, அது புர்ஜிக்குப் போயிற்று.)

ஒரு கனச்சதுரம், மூன்று சம பிரமிடுகள். ஆகவே ஒவ்வொன்றும் அடிப்பரப்பு × உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, 72 கன செ.மீ.

ஏன் மூன்று என்பது மிளகிலிருந்து எண்ணிப் பார்த்தால் தெரியும். பனீருக்குள் இருக்கிற எந்தப் புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு: கிழக்கு, வடக்கு, மேல். அந்த மூன்றில் எது பெரியது? கிழக்கு பெரியதாக உள்ள புள்ளிகள் எல்லாம் கிழக்குமுகத்தை அடியாகக் கொண்ட பிரமிடுக்குள் இருக்கின்றன. வடக்கு பெரியது என்றால் வடக்குமுகத்துப் பிரமிடு. மேல் பெரியது என்றால் மேல்முகத்தது. (2, 5, 3) வடக்குத் துண்டு; (4, 1, 3) கிழக்குத் துண்டு. மூன்று திசைகளுக்கும் ஒரே நீதி, ஆகவே மூன்று சம பங்கு. தாளில் இதையே செய்தால் இரண்டு திசைகள்தான். சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு துண்டுகள், முக்கோணத்தின் பரப்பில் அதனால்தான் பாதி வருகிறது. தளத்துக்கு இரண்டு எண்கள், இரண்டில் ஒன்று. வெளிக்கு மூன்று எண்கள், மூன்றில் ஒன்று.

“நான்கு எண்கள் வேண்டிய இடம் இருந்தால்?” என்றாள்.

“நான்கில் ஒன்று. இதே நியாயம்தான். ஆனால் நறுக்கிக் காட்ட முடியாது.”

மிளகு மூலையில் கூர்முனை உள்ள பிரமிடுக்குக் கிடைத்த மூன்றில் ஒன்று, வட்ட அடியுள்ள கூம்புக்கு எப்படிப் பொருந்தும்? சப்பாத்தி அடுக்குதான் பதில். கூர்முனை எங்கே இருந்தாலும், அடி சதுரமோ வட்டமோ, பாதி உயரத்தில் வெட்டினால் வெட்டுமுகத்தின் பரப்பு அடிப்பரப்பில் நான்கில் ஒன்று. கூர்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வெட்டினால் ஒன்பதில் ஒன்று. மட்டத்துக்கு மட்டம் சமம் என்றால் கன அளவும் சமம். சந்தேகம் இருந்தால் தாளில் கூம்பு சுருட்டி, அதே வாயும் அதே உயரமும் உள்ள டப்பாவில் ரவையை அளந்து கொட்டுங்கள். மூன்று தடவையில் நிறையும்.

நம் வீட்டுத் தம்ளர் முழு உருளை அல்ல. வாய் அகலம், அடி குறுகல். கூம்பின் நுனியை நறுக்கி எறிந்தால் மிஞ்சுவது, கூம்பின் இடைக்கண்டம். வாயின் ஆரம் 4 செ.மீ., அடியின் ஆரம் 3, உயரம் 10 என்று கொள்வோம். 10 செ.மீ. இறங்குவதற்குள் ஆரம் 1 குறைகிறது. ஆக முழுக்கூம்பாக இருந்திருந்தால் உயரம் 40. முழுக்கூம்பு 670 கன செ.மீ., நறுக்கியெறிந்த 30 செ.மீ. நுனி 283, தம்ளர் கொள்வது 387 மில்லிலிட்டர். இப்போது பாதி உயரம் வரை ஊற்றினால்? அதே முறையில் 449 − 283 = 166. பாதித் தம்ளர் என்று கொடுத்தது உண்மையில் 43 சதவீதம். “எனக்குப் பாதி போதும்” என்கிற விருந்தாளிகள் எல்லோரும் ஏமாந்துகொண்டிருக்கிறார்கள்.

குதுப் மினாரும் கவிழ்த்த தம்ளர்தான். அடியில் விட்டம் சுமார் 14.3 மீட்டர், உச்சியில் சுமார் 2.7, உயரம் 72.5. சரிவு ஒரே சீராக இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே நீட்டினால் கூர்முனை சுமார் 89 மீட்டரில் வரும். மெட்ரோவில் போகும்போது போட்டுப் பார்க்க நல்ல கணக்கு.

மிச்சம் இருப்பது கோளம். லட்டை அடிப்பரப்பு × உயரம் என்று எங்கே பிடிப்பது? கிரேக்கர் ஆர்க்கிமிடீஸ் கண்ட விடையைக் கவாலியேரியின் கருத்தை வைத்து அடைகிற வழி எனக்கு இன்றும் வியப்பு. ராம யந்திரத்தைப் போல ஆரமும் உயரமும் சமமான ஓர் உருளையை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் 5. அதற்குள், கூர்முனை அடியின் நடுவிலும் வாய் மேலேயும் இருக்கும்படி ஒரு கூம்பைக் குடைந்தெடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஆரம் 5 உள்ள அரைக்கோளத்தைக் கவிழ்த்துவையுங்கள். இரண்டையும் தரையிலிருந்து 3 உயரத்தில் வெட்டுவோம். அரைக்கோளத்தின் வெட்டுமுகம் ஒரு வட்டம்; ஆரம் 25 − 9 = 16-இன் வர்க்கமூலம், 4. பரப்பு 16 பை. குடைந்த உருளையின் வெட்டுமுகம் ஒரு வளையம்: வெளிவட்டம் 25 பை, கூம்பு எடுத்துக்கொண்டது 9 பை, மிச்சம் 16 பை. சமம். 4 உயரத்தில் வெட்டினால் இரண்டிலும் 9 பை. எந்த மட்டத்திலும் சமமாகவே வரும். ஆகவே அரைக்கோளம் = உருளை − கூம்பு. கூம்பு மூன்றில் ஒன்று என்பது தெரியும். எனவே அரைக்கோளம் மூன்றில் இரண்டு. பனீரின் மூன்று இங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது.

முழுக்கோளமும் தன்னை இறுக்கமாகச் சூழ்ந்த உருளையில் மூன்றில் இரண்டு. தான் கண்டவற்றில் இதை மிக உயர்வாக நினைத்த ஆர்க்கிமிடீஸின் கல்லறையில் கோளமும் உருளையும் செதுக்கப்பட்டிருந்தன. அவர் இறந்து ஏறத்தாழ நூற்றுமுப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 75இல், சிசிலிக்கு அதிகாரியாகப் போன ரோமானியர் சிசரோ புதர் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறையை இந்த உருவங்களை வைத்தே அடையாளம் கண்டார்.

லட்டு வாங்கும்போது விட்டத்தைப் பாருங்கள். 4 செ.மீ. லட்டும் 5 செ.மீ. லட்டும் கண்ணுக்குச் சற்றேதான் வித்தியாசம். கன அளவில் 64-க்கு 125, ஏறத்தாழ இரு மடங்கு. எண்ணிக்கைக்கு விலை சொல்கிற கடையில் இது உதவும்.

கோளத்தை ஆயத்தொலைவில் எப்படி எழுதுவது? நடுவிலிருந்து ஒரே தொலைவில் இருக்கிற புள்ளிகள் எல்லாம் சேர்ந்ததுதான் கோளத்தின் மேற்பரப்பு. தொலைவுக்குக் கம்பிக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. மூன்று எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 64 வருகிற எல்லாப் புள்ளிகளும் ஆரம் 8 உள்ள கோளத்தின்மேல் இருக்கின்றன. கூட்டுத்தொகை 64-க்குக் குறைந்தால் உள்ளே, கூடினால் வெளியே. (2, 4, 6) உள்ளே, 56. (4, 5, 5) சற்று வெளியே, 66. (0, 0, 8) சரியாகக் கோளத்தின் மேற்பரப்பில்.

திரைச்சீலைக் கம்பி கொஞ்சநாள் மாட்டாமலே கிடந்தது. அவள் அதன் ஒரு முனையை அறையின் மூலையில், ஆதிப்புள்ளியில் ஊன்றி, மறுமுனையைப் பிடித்துத் தரையோரத்திலிருந்து சுவர் வரை, சுவரிலிருந்து மேலே வரை சுழற்றினாள். அறையின் உயரம் 10 அடி, கம்பி எங்கும் முட்டவில்லை. நுனி போன வழியெல்லாம் சேர்ந்தால் 8 அடி ஆரமுள்ள கோளத்தின் மேற்பரப்பில் எட்டில் ஒரு பங்கு. மீதி ஏழும் எங்கே என்று விரல்விட்டு எண்ணினாள். மூன்று எங்கள் மட்டத்திலேயே, சுவர்களுக்கு அந்தப் பக்கம். நான்கு தரைக்குக் கீழே. அதில் ஒன்று இரண்டாவது மாடிக்காரரின் படுக்கையறையில் இருக்கிறது.